யாருடைய தேவைக்காக? உழைக்கும் மனைவி பற்றிய எமது எழுத்துகள் குறித்து ஒரு விமர்சனம்

தமிழில் ஒரு பெண் சம்பாதிக்கிறாள் என்பதைச் சொல்ல 'வேலைக்குப் போகிறாள்' என்பதே வழக்கு. அவ்வாறு போகாதவளைப் பற்றி விசாரித்தால், 'வீட்டில் சும்மாதான் இருக்கிறா' என்ற பதில் வரும். ஸுப்ஹுக்கு முன் அடுப்பை மூட்டி, இஷாவுக்குப் பின் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் ஒருத்தியும் இவ்வழக்கின்படி சும்மா இருப்பவளே. உழைப்பு வாசற்படியைத் தாண்டினால்தான் உழைப்பு. தாண்டாதவரை அது இருப்பு. பேச்சுமொழி இப்படியொரு தீர்ப்பை நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. மணமான பெண்களின் தொழில் பற்றி எழுந்த எமது சமய எழுத்துகளும் அத்தீர்ப்பை ஆராயாமலேயே அதன் மேல் தம் கட்டடத்தை எழுப்பியுள்ளன என்பதே இங்கு சொல்ல விரும்புவது.

கடந்த சில தசாப்தங்களாகத் தமிழில் வெளிவந்த இவ்வகை நூல்களையும் கட்டுரைகளையும், மிம்பர்களில் நிகழ்த்தப்பட்ட உரைகளையும் இரு வகையாகப் பிரிக்கலாம். பெண் வெளியே செல்வது அடிப்படையில் விரும்பத்தகாதது என்று தொடங்கி, நிர்ப்பந்தம் ஏற்பட்டால் இன்னின்ன நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று முடிப்பது முதல் வகை. அதற்கு மறுப்பாக எழுந்தது இரண்டாவது. அது கதீஜா (ரழி) அவர்களின் வணிகத்தையும், ருபைதா (ரழி) அவர்களின் மருத்துவப் பணியையும், ஷிபா (ரழி) அவர்களின் எழுத்தறிவையும் எடுத்துக்காட்டி, இஸ்லாம் பெண்ணைத் தடுக்கவில்லை என்று நிறுவ முயல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அவள் போகலாமா, போகக்கூடாதா?

இரண்டாவது வகை எழுத்தின் மீதே எமக்கு அனுதாபம் உண்டு. எனினும் அதன் பலவீனத்தை மறைக்க இயலாது. கதீஜா (ரழி) அவர்களை 'வேலைக்குப் போன' பெண்ணுக்கு முன்மாதிரியாகக் காட்டும் எழுத்தாளர், அவ்வம்மையார் எங்கும் போகவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. அவரது சரக்குகளே ஷாமுக்குப் போயின. கொண்டு சென்றவர்கள் அவரது மூலதனத்தில் பங்குக்கு உழைத்த ஆண்கள். செல்வம் மிக்க ஒரு முதலாளியின் வாழ்வு, காலை ஆறரை மணிப் பேருந்துக்கு ஓடும் ஓர் எழுதுவினைஞரின் வாழ்வுக்கு எவ்வகையில் விடை சொல்லும்? சரக்கு யாருடையது, இலாபம் யாருடையது என்பதே அந்த வரலாற்றில் பேசப்பட வேண்டிய பகுதி. 'போதல்' என்ற சொல்லில் சிக்கிய எழுத்து அதை விட்டுவிடுகிறது.

மேலும் இவ்விரு வகை எழுத்துகளும் முடிவில் ஒரே சொற்றொடரில் வந்து சந்திக்கின்றன: 'குடும்பப் பொறுப்புகளுக்குப் பங்கமின்றி.' அதாவது பங்கமின்றிப் பெண் தொழில் செய்யலாம். மிகச் சாதுவாகத் தோன்றும் இச்சொற்றொடரே இவ்விடயத்தின் முழுப் பாரத்தையும் ஒருத்தியின் தலையில் இறக்கி வைக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே சமநிலை காண்பது அவளது தனிப்பட்ட சாமர்த்தியம் என்றாகிவிடுகிறது. குடும்பப் பொறுப்புக்குப் பங்கமின்றி ஆண் வியாபாரம் செய்யலாம் என்று எந்த நூலும் எழுதக் கண்டதில்லை. கொழும்பில் கடை வைத்திருந்து மாதத்தில் இருநாள் ஊர் திரும்பும் தந்தையின் விடயத்தில் பங்கம் என்ற சொல் ஏன் எழுவதில்லை?

எமது சமூகம் மணமான ஆசிரியையை மனமார ஏற்றுக்கொண்டது என்பதைச் சிலர் மாற்றத்தின் அடையாளமாகக் காட்டுவர். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏற்றுக்கொண்டதன் காரணம் நோக்கத்தக்கது. பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிகிறது. விடுமுறை பிள்ளைகளின் விடுமுறையோடு ஒத்துப்போகிறது. அரச சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ விடுப்பும், அதன்பின் அரைச் சம்பளத்தோடும் சம்பளமின்றியும் எடுக்கத்தக்க விடுப்பும் உண்டு. சுருங்கச் சொன்னால், சமையலறையின் நேரசூசியை அதிகம் குலைக்காத தொழில் அது. பெண் மருத்துவரின் இரவுக் கடமையும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் மேலதிக நேரமும் அந்த வரவேற்பைப் பெற்றதில்லை.

இனி, இவ்வெழுத்துகள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரழி) தமது மணவாழ்வின் ஆரம்ப நாட்களைத் தாமே விவரிப்பதாக ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் வரும் செய்தி அது. கணவர் ஸுபைர் (ரழி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையையும், நீர் இறைக்கும் ஓர் ஒட்டகையையும் தவிர வேறு சொத்து இல்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, நீர் சேந்துவது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மாவின் பணி. ரொட்டி சுடுவது அவருக்குக் கைவரவில்லை; அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தனர். பர்ஸக்கில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். ஒருநாள் வழியில் நபி (ஸல்) அவர்கள் தோழர் சிலருடன் வந்து, அவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்ள ஒட்டகையை மண்டியிடச் செய்தார்கள். ஆண்களோடு செல்ல நாணியும், கணவரின் ரோஷத்தை எண்ணியும் அஸ்மா ஏறவில்லை. நபியவர்கள் அதை உணர்ந்து சென்றுவிட்டார்கள்.

எமது பயான்களில் இச்செய்தி பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். நாணம், ரோஷம் ஆகிய இரு பண்புகளுக்கு உதாரணமாக அது எடுத்தாளப்படும். ஆனால் அஸ்மா கதையை அங்கே நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொல்கிறார். நபியவர்களோடு ஏறி வருவதைவிட, அவர் கொட்டையைச் சுமந்து நடந்ததே தமக்கு அதிகம் வேதனை தருகிறது என்கிறார் ஸுபைர். அதன் பின்னர் அபூபக்ர் (ரழி) ஒரு பணியாளை அனுப்பி வைக்க, குதிரையின் பராமரிப்பு அவரிடம் போகிறது. தந்தை தம்மை விடுதலை செய்துவிட்டதைப் போல இருந்தது என்பதே அஸ்மாவின் முடிவுரை. ஓர் அடிமை விடுவிக்கப்படுவதற்கான சொல்லைத் தமது வீட்டு வேலையின் சுமை குறைந்ததற்குப் பயன்படுத்துகிறார் முதலாவது கலீபாவின் மகள். இதை நீக்கிவிட்டு மீதியை ஓதுவது மேற்கோள் ஆகாது, வெட்டுதல் ஆகும்.

இந்நிகழ்ச்சி உள்ளே, வெளியே என்ற எமது பாகுபாட்டையே கலைத்துவிடுவதும் கவனிக்கத்தக்கது. அஸ்மா செய்தது வெளிவேலை. ஆனால் கூலியற்றது, குடும்பத்துக்கானது. இதற்கு நேர்மாறான மற்றொரு நிகழ்ச்சி அதே நூல்களில் உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) தமது பொருளிலிருந்து கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிட்டு வந்தார். அது தர்மமாகக் கொள்ளப்படுமா என்று கேட்க நபியவர்களின் வாசலுக்கு வந்தார். அதே கேள்வியோடு அன்ஸாரிப் பெண் ஒருவரும் அங்கே நின்றிருந்தார். அவர் பெயரும் ஸைனப். பிலால் (ரழி) மூலம் கேள்வி உள்ளே போயிற்று. உறவைப் பேணியதற்கு ஒன்றும் தர்மத்துக்கு ஒன்றுமாக இரு கூலிகள் உண்டு என்ற விடை வந்தது. இப்னு மஸ்ஊதின் மனைவி கைத்தொழில் செய்து சம்பாதித்தவர் என்று முஸ்னத் அஹ்மதில் ஒரு செய்தி உண்டு. அங்கே பெயர் ராயிதா என வருகிறது. இருவரும் ஒருவரே என்போரும் வேறு வேறு என்போரும் அறிஞர்களிடையே உளர்.

இவ்விடையில் அடங்கியுள்ள சட்டப் பொருள், அதன் ஆன்மிகப் பொருளளவுக்குப் பேசப்படவில்லை. கடமையை நிறைவேற்றுவது வேறு, தர்மம் செய்வது வேறு. மனைவி கணவனுக்குச் செலவிடுவது தர்மமாகக் கணக்கிடப்பட்டதெனின், அது அவள் மீது கடமையாக இருக்கவில்லை. பொருள் முழுவதும் அவளுடையது. மனைவி தனது ஸகாத்தை வறிய கணவனுக்குக் கொடுக்கலாம் என்று ஷாபிஈ மத்ஹபினர் கொண்டதும் இவ்வழியிலேயே. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்ற கருத்தைத் தரும் ஸூறா அந்நிஸாவின் 32-ஆம் வசனத்தை, அதற்கடுத்து ஒரு வசனம் விட்டு வரும் கணவனின் நிர்வாகப் பொறுப்புப் பற்றிய 34-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிப்போர் அரிது. அந்த 34-ஆம் வசனமோ, அப்பொறுப்புக்கான காரணங்களுள் ஒன்றாக ஆண் தன் பொருளைச் செலவிடுவதையே கூறுகிறது.

இவ்விடத்தில் எமது மத்ஹபின் பக்கம் திரும்புவது அவசியம். குனூத்திலும் தராவீஹிலும் ஷாபிஈ மத்ஹபை விட்டுக்கொடுக்காத ஒரு சமூகம், சமையலறை விடயத்தில் அந்த மத்ஹபை மறந்துவிட்டது வியப்பானது. மனைவி சமைப்பதும் துவைப்பதும் திருமண ஒப்பந்தத்தால் அவள் மீது கடமையாகிவிடுவதில்லை என்பது ஷாபிஈ அறிஞர்களின் நிலைப்பாடு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' மனைவிக்கான உணவை அளவிட்டே கூறுகிறது. வசதியுள்ளவன் நாளொன்றுக்கு இரண்டு முத் தானியமும், நடுத்தரமானவன் ஒன்றரையும், வறியவன் ஒன்றும் கொடுக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. அத்தானியத்தை அரைப்பதற்கும் ரொட்டியாகச் சுடுவதற்குமான செலவும் கணவன் மீதே என்பது அங்கு சரியெனக் கொள்ளப்பட்ட கருத்து. தந்தை வீட்டில் பணியாளோடு வாழ்ந்தவளுக்குப் பணியாள் வைத்துக் கொடுப்பதும் அவன் கடமை. கொடுக்கப்படாத நபகா நாள் கடந்தாலும் அழியாது. அவன் மீது கடனாக நிற்கும்.

இக்கருத்துக்கு மறுதரப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) 'ஸாதுல் மஆத்' நூலில் இதைக் கடுமையாக மறுக்கிறார். மனைவி வீட்டுப்பணி செய்வது வழக்காற்றின்படி கடமை என்பது அவர் வாதம். அஸ்மாவைத் தலைச்சுமையோடு கண்ட நபியவர்கள், இது அவள் மீது கடமையில்லை என்று ஸுபைருக்குச் சொல்லவில்லையே என்பது அவருடைய சான்று. ஹனபி அறிஞர்கள் அது மார்க்கப்படி கடமை, ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்று இடைவழியில் நின்றனர். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) ஊர்களின் வழக்காறுகள் இவ்விடயத்தில் வேறுபடுவதால் அவற்றையே அடிப்படையாகக் கொள்வதை முற்படுத்துகிறார். வழக்காறே அளவுகோல் எனின், வழக்காறு மாறும்போது கடமையும் மாறும் என்பதும் உடன் வரும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும் குடும்பத்தின் வழக்காறு, அவன் மட்டும் வெளியே சென்ற காலத்து வழக்காறாக எப்படி இருக்கும்? ஆனால் எமது நூலாசிரியர்கள் இப்னுல் கையிமின் முடிவை எடுத்துக்கொண்டு அவரது காரணத்தை விட்டுவிடுகின்றனர்.

ஷாபிஈ நூல்களைப் பெண்ணுரிமைச் சாசனமாக்கும் நோக்கம் எமக்கில்லை. அதே 'மின்ஹாஜ்' கணவனின் அனுமதியின்றி வீட்டை விட்டுச் செல்பவளின் நபகாவை நிறுத்துகிறது. அங்கே உணவும் தடையும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்கள். ஒரு பக்கம் முறிந்தால் மறுபக்கமும் தளர்கிறது: கணவன் நபகா கொடுக்க இயலாதவனாகிவிட்டால் அவனுக்கு மூன்று நாள் அவகாசம், அந்நாட்களில் மனைவி வெளியே சென்று தன் உணவைத் தேடிக்கொள்ளலாம், இரவில் திரும்ப வேண்டும், நான்காம் நாள் காலையில் மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு வந்துவிடுகிறது. இன்றைய எழுத்துகளோ தடையை முழுமையாக வைத்துக்கொண்டு உணவை மட்டும் பேச்சிலிருந்து நீக்கிவிட்டன. சம்பாதிக்கும் மனைவியும் கணவனின் அனுமதியோடுதான் வாசலைத் தாண்ட வேண்டும்; ஆனால் அவள் கொண்டுவரும் சம்பளத்தில் அரிசி வாங்குவது பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை.

மனைவியின் பயணம் பற்றி அந்நூலில் ஒரு நுட்பமான பகுதி இருக்கிறது. அவள் கணவனின் அனுமதியோடு கணவனின் தேவைக்காகப் பயணம் போனால் அவளது நபகா அற்றுப்போவதில்லை. தன் தேவைக்காகப் போனால், வலுவான கருத்தின்படி, அற்றுப்போகும். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வறிஞர், போகலாமா என்பதோடு நிற்கவில்லை. யாருடைய தேவைக்காகப் போகிறாள் என்று கேட்டார். எமது காலத்துக்கு மிகவும் தேவையான கேள்வி இதுவே. அதை நாம் கேட்கத் தவறிய இடம் எதுவென்றால், மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயின் வாழ்வு.

1977-இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் செல்வமும் சேர்ந்து இப்புலப்பெயர்வைத் தோற்றுவித்தன. 1985-இன் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 1990-களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுத் தொழிலுக்குச் சென்றோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பின்னர் அப்பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. கிழக்கிலங்கையின் முஸ்லிம் கிராமங்களிலிருந்து சென்றவர்களும் இவர்களுள் அடங்குவர். மூதூரிலிருந்து 2005-இல் போலி வயதோடு அனுப்பப்பட்டு, 2013 ஜனவரி 9-இல் ஸஊதி அரேபியாவில் மரண தண்டனைக்குள்ளான றிஸானா நபீக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் மணமாகாத சிறுமி. அவருக்காகக் கண்ணீர் வடித்த எழுத்துகள், அவரைப் போலவே விமானமேறிய தாய்மார்கள் பற்றி வேறொரு குரலில் பேசின.

அவர்கள் அங்கே செய்யும் வேலை என்ன? சமைத்தல், துவைத்தல், கூட்டுதல், குழந்தையைக் குளிப்பாட்டுதல், முதியவருக்கு மருந்து கொடுத்தல். ஊரில் 'சும்மா' என்று பெயர் பெற்ற அதே வேலை. குவைத்தில் அதற்கு மாதச் சம்பளம் உண்டு. 2015-இல் அந்நாடு இயற்றிய 68-ஆம் இலக்கச் சட்டம் வேலை நேரத்துக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்ற உச்ச எல்லையையும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் விதித்தது. அச்சட்டம் சமையலறைக் கதவுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பது வேறு கதை. ஆயினும் அவ்வேலைக்கு ஒரு நேர எல்லை இருக்க வேண்டும் என்ற எண்ணமேனும் எழுத்தில் ஏறியது. ஊரில் தன் பிள்ளைக்குச் செய்யும்போது நேர எல்லையோ பெயரோ அதற்கு இல்லை. வெளிநாட்டு ஊழியர் அனுப்பிய பணமாக 2023-இல் நாட்டுக்கு வந்தது ஏறத்தாழ 600 கோடி டொலர். தேசியக் கணக்கேட்டில் அது பெருமையோடு பதியப்படுகிறது. அதே பெண் ஊரில் இருந்திருந்தால், தொழிற்படைக் கணக்கெடுப்பு அவளை வீட்டுக் கடமைகளில் ஈடுபட்டுள்ளவள் என்று குறித்து, பொருளாதார ரீதியில் செயற்படாதோர் பட்டியலில் சேர்த்திருக்கும்.

எமது சிறுகதைகள் இவளை எப்படி எழுதின? சஞ்சிகைகளில் பல ஆண்டுகளாக வாசித்தவர்களுக்கு அக்கதையின் அமைப்பு மனப்பாடம். தாய் போகிறாள், தகப்பன் அவள் அனுப்பும் பணத்தைக் கூட்டாளிகளோடு கரைக்கிறான், அல்லது இன்னொருத்தியை மணக்கிறான், மூத்த மகள் படிப்பை விடுகிறாள், தாய் நோயோடு திரும்புகிறாள், அல்லது பெட்டியில் வருகிறாள். இவை நிகழாதவை அல்ல. ஆனால் பழி எங்கே விழுகிறது என்று பாருங்கள். குடிப்பவனும் கைவிடுபவனும் ஆணாக இருக்க, கதையின் கடைசிப் பத்தியில் 'நான் போயிருக்கக் கூடாது' என்று அழுபவள் பெண்ணாக இருக்கிறாள். நபகா கொடுக்காதவனின் குற்றம், நபகா தேடப் போனவளின் குற்றமாக உருமாறுகிறது. அவன் 'நான் அனுப்பியிருக்கக் கூடாது' என்று சொல்வதாக முடியும் கதைகளை விரல்விட்டு எண்ணலாம்.

இதை வேறுவிதமாக எழுத முடியும் என்பதற்குத் தமிழ் முஸ்லிம் எழுத்திலேயே சான்று உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நாவல். அதில் பணிப்பெண் இல்லை, வெளிநாடு இல்லை. பரம்பரைப் பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு என்ற ஒருவர் இருக்கிறார். உழைக்காமல், வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தன் வாய்ச்சுவையைத் தீர்த்துக்கொண்டே, மனைவி மரியம் பீவி மீது அதிகாரம் செலுத்துகிறார். செலவிடுதல் என்ற காரணம் போனபின்பும் நிர்வாகம் என்ற அதிகாரம் எப்படிப் பிரம்பாக எஞ்சி நிற்கிறது என்பதை, ஒரு வசனத்தையும் விளக்காமல் அந்நாவல் காட்டிவிட்டது. எமது சிறுகதையாசிரியர்கள் அந்த நாற்காலியை எங்களூர்த் திண்ணையில் தேடிப் பார்த்திருக்கலாம்.

அரசின் எழுத்தும் இலக்கியத்தின் எழுத்தைப் போலவே அமைந்தது. 2013-இல் பணிப்பெண்களாகச் செல்வோருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் செல்ல முடியாது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகள் இருப்பின் அவர்களைப் பராமரிப்பவர் யார் என்று காட்ட வேண்டும். தகப்பன்மார் போவதற்கு அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. சமய அமைப்புகள் பலவும் பிள்ளைகளின் நலன் என்று இதனை வரவேற்றன. 2022-இல் டொலர் இல்லாமல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டில், அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்குத் தாய் தேவைப்படும் காலம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மூன்று ஆண்டு சுருங்கியது. பால்குடி மறக்கச் செய்வதைத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, இருவரின் பொருத்தத்தோடு தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்தைத் தரும் ஸூறா அல்பகராவின் 233-ஆம் வசனத்தை அறிந்த சமூகம் நாம். இவ்விரு தடவையும் அந்தத் தாயோடு யார் கலந்தாலோசித்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவர்களும் நாமே.

போகும் தாய்க்குப் பதிலாக வீட்டில் நிற்பவள் பெரும்பாலும் உம்மம்மா, அல்லது சாச்சி, அல்லது மூத்த மகள். எனவே ஒரு பெண் கூலிக்குப் போன இடத்தை இன்னொரு பெண் கூலியின்றி நிரப்புகிறாள். சமநிலை என்று நாம் பேசுவது நடைமுறையில் இதுதான். தகப்பன் நிரப்பும் வீடுகளும் இல்லாமலில்லை. பிள்ளைக்குத் தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்பிய ஆண்களை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். அவர்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டதையும் கண்டிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டதற்கு, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்ற பொருள்பட ஆஇஷா (ரழி) விடை சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் போக்க அது ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.

இனி அந்தப் பயணத்தின் நோக்கத்துக்கு வருவோம். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன் என்பதே மார்க்கம். ஆனால் சீதன வீடு இல்லாமல் பேச்சு ஆரம்பமாவதில்லை. குவைத்துக்கும் ஜித்தாவுக்கும் போன தாய்மாரின் சம்பளத்தில் பெரும்பகுதி கற்களாகவும் ஓடுகளாகவும் மாறியது இதற்காகவே. சிலர் கணவனின் கடனை அடைக்கப் போனார்கள். கணவன் விட்டுச் சென்றபின் காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக்கு அலைந்து சலித்துப் போனவர்களும் உண்டு. இவற்றுள் எது அவளுடைய தேவை? 'மின்ஹாஜ்' கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தால், கடனை அடைக்கச் சென்ற பயணம் கணவனின் தேவைக்கான பயணம். அவளது நபகா அவ்வளவு காலமும் அவன் மீது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. சீதன வீட்டுக்கான பயணமோ, மார்க்கம் எவர் மீதும் சுமத்தாத, வழக்கம் மட்டுமே சுமத்திய ஒரு தேவைக்கானது. மஹ்ரமின்றிப் பயணம் போனது குற்றமா என்று எமது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்தோம். அவளைப் பயணம் போக வைத்த சீதனம் குற்றமா என்ற விவாதம் அதே பக்கங்களில் தனியாக, வேறொரு தலைப்பின் கீழ் நடந்தது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதியவர்கள் மிகச் சிலர்.

சில ஆண்டுகளுக்கு முன் கரையோர ஊரொன்றில் ஒரு மணப்பேச்சில் அமர்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று அறை, ஓடு பதித்த தரை, மதில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார்கள். வாப்பா பெருமையோடு விடை சொன்னார். எத்தனை வருடத்தில் கட்டி முடித்தீர்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்டதும், அவருக்குக் கணக்கு வரவில்லை. திரைக்குப் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த உம்மா எட்டிப் பார்க்காமலே, "பதினொரு வருஷம்" என்றார். நல்ல வீடு என்று பெரியவர் வாப்பாவிடம் சொன்னார்.